பெற்றவள் பெறாத பேறு: பெருமாள் திருமொழியில் தேவகியின் புலம்பல்



குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழி பத்துத் திருமொழிகளும் 105 பாசுரங்களும் கொண்டது. முதல் மூன்று திருமொழிகள் திருவரங்கத்தைப் பற்றியவை. நான்காவது திருவேங்கடத்துக்கும் ஐந்தாவது வித்துவக்கோட்டுக்கும் உரியவை. ஆறாவது ஆய்ச்சியர் ஊடல்; ஏழாவது தேவகிப் பிராட்டியின் புலம்பல்; எட்டாவது கௌஸல்யையின் தாலாட்டு; ஒன்பதாவது தசரதனின் புலம்பல். பத்தாவது தில்லைத் திருச்சித்திரகூடத்தை முன்னிட்டு இராமகாதை முழுவதையும் சுருக்கிப் பாடுகிறது.

இவற்றுள் ஏழாம் திருமொழியை எடுத்துரைப்போர் பலரும் ‘பெற்றவளைக் காட்டிலும் வளர்த்தவளே பாக்கியவதி’ என்னும் ஒரே முடிவோடு அமைந்துவிடுகின்றனர். யசோதையின் பெருமையைக் காட்ட தேவகியின் துயரம் ஒரு நிழலாகப் பயன்படுகிறது. பிள்ளையைப் பிறர் கையில் விட்ட தாய் பின்னொரு நாள் அவனைக் காணும்போது அவள் சொல்லத் தக்கது என்ன, அவளுக்குச் சொல்லும் உரிமையேனும் உண்டா என்னும் கேள்வி அங்கே எழுவதேயில்லை. ஆழ்வாரோ அந்தக் கேள்விக்கென்றே ஒரு திருமொழியை ஒதுக்கியிருக்கிறார். அதன் சொல்லமைதி காட்டும் விடை எது என்பது இங்கே ஆராயப்படுகிறது.

புலம்பலின் காலம்

இப்புலம்பல் எப்போது நிகழ்ந்தது என்பதை முதலில் தெளிய வேண்டும். பிள்ளை ஆய்ப்பாடியில் வளர்ந்துகொண்டிருக்கையில், சிறையில் இருந்தபடி தாய் அழுத அழுகை அன்று இது. கம்ஸனை விண்ணுக்கு அனுப்பிவிட்டு மகன் வந்து நின்றபின் எழுந்தது என்பதைத் திருமொழியின் பலச்ருதிப் பாசுரமே தெரிவிக்கிறது. நான்காம் பாசுரத்திலும் அவள் அவனுடைய இளமை எழிலை ‘இன்று’ கண்ணாரப் பருகுவதாகச் சொல்லிக்கொண்டே, போன பிள்ளைமையை நினைத்து உயிர் தரியாது என்கிறாள். ஆக இது பிரிவின் புலம்பல் அன்று. கூடினபின் எழுந்த புலம்பல். மகன் எதிரே நிற்கிறான், கண்ணுக்கு விருந்தாக நிற்கிறான், அந்நிலையிலேயே தாய் இழவைச் சொல்லி அழுகிறாள். கிடைத்தபின்பு தான் இழந்ததன் அளவு தெரியும் என்னும் உண்மையே இத்திருமொழியின் உயிர்நிலை.

இந்த இடத்தை ஸ்ரீபாகவதத்தோடு ஒப்பிட்டால் ஆழ்வார் செய்தது இன்னதென விளங்கும். தசம ஸ்கந்தம் 44ஆம் அத்யாயத்தின் முடிவில் கண்ணனும் பலராமனும் தாய் தந்தையரின் விலங்கைக் களைந்து திருவடியில் தலைவைத்து வணங்குகின்றனர். தேவகியும் வஸுதேவரும் அவர்களை உலகுக்கு ஈச்வரர் என்றறிந்து அஞ்சி, அணைத்துக்கொள்ளாமல் நிற்கின்றனர். 45ஆம் அத்யாயத்தில் எம்பெருமான் தன் மாயையால் அந்த அறிவை மறைத்துத் தானே பேசத் தொடங்குகிறான். தங்கள் பால்யமும் பருவங்களும் தரும் இன்பத்தைத் தங்களால் பெற்றோர் அடையவில்லை என்று ஒப்புக்கொண்டு பொறுத்தருளும்படி வேண்டுகிறான். அதன் பின்னரே அவர்கள் அவனை மடியில் ஏற்றித் தழுவுகின்றனர். கண்ணீர் தொண்டையை அடைக்க, ஒன்றும் சொல்லமாட்டாமல் இருந்துவிடுகின்றனர்.

ஆக, அங்கே பேசுபவன் மகன், தாய்க்குப் பேச்சில்லை. முனிவர் எந்த இடத்தில் அவளை ஊமையாக்கினாரோ அதே இடத்தில் ஆழ்வார் அவளுக்குப் பத்துப் பாசுரம் அளவு வாய் கொடுத்தார். மகன் கேட்ட மன்னிப்பு இங்கே இல்லை. அவன் மௌனமாகக் கேட்டு நிற்க, அவள் சொல்லித் தீர்க்கிறாள். இதிகாச புராணங்கள் விட்ட இடத்தை அருளிச்செயல் நிரப்பும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

‘பெறு’ என்னும் வினை

தமிழில் ‘பெறுதல்’ என்பதற்கு ஈனுதல், அடைதல் என இரு பொருள் உண்டு. பிள்ளைப்பேறு என்பதும் பேறு. வீடுபேறு என்பதும் பேறு. ஸம்ப்ரதாய நூல்களில் ‘பேறு’, ‘இழவு’ என்பவை பரிபாஷைகளாகவே வழங்கும். ஆழ்வார் இவ்வொரு வினையின் மேல் ஏழாம் திருமொழியைக் கட்டியிருக்கிறார்.

பிள்ளையைப் பெற்றவள் அவள். ஆயினும் அவள் வாயில் மீண்டும் மீண்டும் வருவது ‘பெற்றிலேன்’ என்னும் எதிர்மறையே. தொட்டிலில் கிடந்த அழகைக் காணப் பெற்றதில்லை. புழுதி ஆடிய மேனி தன் மார்பில் அணையப் பெற்றதில்லை. அவன் உண்ட சோற்றின் மிச்சிலை உண்ணப் பெற்றதில்லை. மலையைக் குடையாக எடுத்ததும் காளியன் தலையில் ஆடியதும் முதலாகிய விளையாட்டுகளைக் காணப் பெற்றதில்லை. மறுபுறம் ஈனாதவர்களுக்கெல்லாம் அவ்வினை உடன்பாட்டில் வருகிறது. நந்தகோபர் பெற்றார், வஸுதேவர் பெறவில்லை என்கிறது மூன்றாம் பாசுரம். தான் ஒன்றும் பெறாதிருக்க எல்லாவற்றையும் யசோதை பெற்றாள் என்கிறது ஐந்தாம் பாசுரம். பத்தாம் பாசுரத்தின் முடிவில் மகனே ஒரு தாயைப் பெற்றவனாகிறான்.

இவ்வினை ஈனுதல் என்னும் பொருளில் திருமொழி முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அங்கும் தேவகி கண்ணனைப் பெற்றதைச் சொல்லவில்லை. எதற்காகத் தன் தாய் தன்னைப் பெற்றாள் என்று ஆறாம் பாசுரத்தில் நொந்துகொள்கிறாள். தன் பிள்ளைப்பேற்றை அவள் பேறாக எண்ணவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் தன்னைப் பெற்றவளின் பேறும் வீணானது என்கிறாள். ஒரு வினையின் இரு பொருளையும் பிரித்து, ஈன்றவளிடமிருந்து அடைதலைக் களைந்து காட்டும் இந்த நுட்பம் அவ்வினையால் இயல்வது. 

இழந்தவை எவை

அவள் இழந்தவற்றின் பட்டியலை நோக்கினால் பெரியவை சிலவே, சிறியவையே பல. குழந்தை தொட்டிலில் கிடந்து மேலே ஏதோ ஒன்றையே நோக்கியிருக்கும். கால்களை முடக்கி, விரல்களையெல்லாம் உள்ளங்கையில் அடக்கிக்கொண்டிருக்கும். இது இரண்டாம் பாசுரம். முலை வாயில் இருக்கும்போதே இடையிடையே சிரித்துத் தாயின் முகத்தை நோக்கும் நோக்கு ஏழாம் பாசுரம். வெண்ணெய் அளைந்த கை, கயிற்றைக் கண்டு அஞ்சும் பார்வை, அழுகைக்கு நெளியும் வாய் ஆகியவை எட்டாம் பாசுரம். பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இவை அன்றாடம். பெரும்பாலும் நினைவிலும் நில்லாதவை. வளர்க்காதவளோ இவற்றை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். காணாத ஒன்றை இத்தனை துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், சிறையிருந்த ஆண்டுகளிலெல்லாம் அவள் அதையே மனத்தில் கண்டிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

மூன்றாம் பாசுரத்தின் காட்சி தனித்து நோக்கத் தக்கது. அன்புள்ள பெண்டிர் முறைமுறையாகக் குழந்தையைத் தொடையில் இருத்திக் கொஞ்சி, ‘உன் தகப்பன் யார்?’ என்று கேட்கின்றனர். குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தகோபரைக் காட்டுகிறது. எல்லார் வீட்டிலும் நடக்கும் விளையாட்டே இது. ஆனால் இங்கே அவ்விரல் தவறான ஆளைச் சுட்டுகிறது; குழந்தை அறியாது, கேட்டவர்களும் அறியார், சுட்டப்பட்டவரும் அறியார். அறிந்தவர் இருவரும் சிறையில் இருக்கின்றனர். பொய் என்று ஒருவரையும் சொல்ல முடியாத ஒரு பொய்யை ஆழ்வார் ஒரு சிறு விரலில் வைத்துக் காட்டினார்.

ஐந்தாம் பாசுரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. சுட்டி அசைய முத்தம் தரும் பிள்ளையிடம் அவன் தந்தையின் சாயலைக் கண்டு உள்ளம் குளிரும் பேற்றை எண்ணுகிறாள் தாய். எல்லாவற்றையும் யசோதை பெற்றாள் என்று பாசுரம் முடிந்தாலும், இந்த ஒன்றை யசோதை பெற்றிருக்க வழியில்லை. பிள்ளை முகத்தில் வஸுதேவர் முகத்தைத் தேடிக் காணக்கூடியவள் தேவகி ஒருத்தியே. அவளுக்கென்றே இருந்த பங்கும் அவளுக்குக் கிட்டாமற்போயிற்று. பிறருக்கும் அது பயன்படவில்லை. இழவின் ஆழம் இங்கே மிகுகிறது.

ஒரு சங்கை: இது பொறாமையா?

‘இவ்வாறு சொல்வது யசோதையின் மேல் அழுக்காறு ஆகாதோ?’ என்னில், ஆகாது. யசோதையைச் சொல்லும்போது தேவகி அவளை ‘தெய்வ’ நங்கையாகவே குறிக்கிறாள். பலச்ருதியில் ஆழ்வார் தம் வாக்காகத் தேவகியைச் சொல்லும்போதும் அதே ‘தெய்வ’ என்னும் அடையையே இட்டார். பெற்றவள் வளர்த்தவளுக்குச் சூட்டிய அடையை ஆழ்வார் வாங்கிப் பெற்றவளுக்கே மீண்டும் சூட்டுகிறார். தான் கடைப்பட்ட தாய் என்று அவள் தன்னைச் சொல்லிக்கொண்டது அவள் கருத்து. ஆழ்வாருடைய தீர்ப்பு அதுவன்று.

இச்சமநிலை குலசேகரப் பெருமாளுக்கு மட்டும் உரியதன்று. யசோதையின் பாவனையிலேயே ஊறித் திளைத்தவர் பெரியாழ்வார். அவர் கண்ணனைத் திருவடி முதல் திருமுடி வரை காணும்படி அழைக்கும் திருமொழியை, தேவகி யசோதைக்குப் ‘போத்தந்த’ குழந்தை என்றே தொடங்குகிறார். வளர்த்தவளின் பெருமகிழ்ச்சி பேசப்படும் முன்னரே அனுப்பியவளின் பெயர் வந்துவிடுகிறது. ஆண்டாளோ திருப்பாவை 25ஆம் பாசுரத்தில் இருவர் பெயரையும் சொல்லவில்லை. பெற்றவளும் ‘ஒருத்தி’, வளர்த்தவளும் ‘ஒருத்தி’. அவன் இருவருக்கும் ‘மகன்’. திருவரங்கத்துப் பெரிய கோயிலிலும் மணப்பாறை போன்ற ஊர்களின் மார்கழி கோஷ்டிகளிலும் ஆண்டுதோறும் வாயாரச் சொல்லப்படும் பாசுரம் அது. அங்கே ஓரிரவுக்கு இப்புறமும் அப்புறமும் இரு தாயரும் ஒரே சொல்லால் நிறுத்தப்பட்டிருப்பதை ஊன்றிப் பார்ப்போர் சிலரே.

வளர்த்தவர்க்குரிய இடத்தை எம்பெருமான் தானே சொல்லியும் இருக்கிறான். தசம ஸ்கந்தம் 45ஆம் அத்யாயத்தில் நந்தகோபருக்கு விடைகொடுக்கும்போது, காப்பாற்ற இயலாத சுற்றத்தாரால் விடப்பட்ட குழந்தைகளைத் தம் மக்களைப் போல வளர்ப்பவர்களே தந்தையும் தாயும் ஆவர் என்கிறான். இதை மேற்கோளாகக் காட்டி, பெற்றவளுக்கு இனி உறவில்லை என்பாரும் உளர். அவ்வார்த்தையின் உட்பிரிவை அவர்கள் கவனிப்பதில்லை. விட்டவர்களை அவன் ‘அன்பற்றவர்’ என்னவில்லை; ‘காப்பாற்ற இயலாதவர்’ என்றான். மேலும், இதைச் சொன்னது பெற்ற தாயை வணங்கி அவள் மடியில் இருந்து எழுந்த பின்னர் என்பதையும் மறக்கலாகாது.

கொடுத்தலும் தத்தும்

தர்மசாஸ்திரங்களின் படி பார்த்தால் தேவகி பிள்ளையைத் தத்துக் கொடுத்தவளும் அல்லள். மநுஸ்ம்ருதி 9ஆம் அத்யாயத்தின்படி தாயோ தந்தையோ ஆபத்தில் நீர்வார்த்துக் கொடுத்த பிள்ளையே தத்தன். ‘ப்ரீதியோடு’ என்னும் சொல்லும் அவ்விலக்கணத்தில் இடம்பெறுகிறது. இங்கே கொடுப்பாரும் ஏற்பாரும் எதிர்நின்று நடந்தது ஒன்றுமில்லை. யசோதை மயங்கி உறங்கினாள். தனக்குப் பிறந்தது ஆணோ பெண்ணோ என்பதையும் அறியாதிருந்தாள். தேவகிக்கோ முன் பிறந்த அறுவர் கம்ஸன் கையில் மாண்டனர். அவள் செய்தது தானமன்று, உயிரைக் காத்தல்.

இதன் சாயலில் ஒரு வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை வேறொருத்தி கையில் கொடுத்து, பிடி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொள்வர். அப்படி வந்த பிள்ளைக்குத் தவிட்டான் என்றும் பிச்சை என்றும் பெயரிடுவர். தன்னுடையதன்று என்று சொன்னால் காலன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. அத்தாய்மாருக்குப் பிள்ளை நாழிகைக்குள் திரும்பி வந்தது. தேவகிக்கு அவன் குழந்தையாகத் திரும்பவேயில்லை.

நம் காலச் சட்டமும் இதனருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், தத்து நடந்த நாள் முதல் பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவுகள் அறுந்ததாகக் கொள்கிறது. மணம் செய்யத் தகாத உறவு மட்டும் அறாது. அறுத்துவிட்டதாகச் சொல்லும் சட்டமே ஓரிழையை அறுக்கமாட்டாமல் விட்டுவைத்திருக்கிறது. 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபின், பெயர் சொல்லாமல் தொட்டிலில் பிள்ளையை விட்டுச்சென்ற தாய்மார் பலர். அதற்கு முன்பே இங்கிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாகச் சென்ற குழந்தைகள் நடுவயதில் திரும்பி வந்து தாயைத் தேடுவதும், சிலர் கண்டடைவதும் செய்திகளாக வருகின்றன. அவர்களிற் சிலருக்குத் தாயின் மொழி தெரியாது. இருவருக்கும் நடுவே மூன்றாம் ஒருவர் நின்று சொல்மாற்ற வேண்டியிருக்கிறது. அத்தகைய தாயிடம் ஊரார் கேட்பது ‘ஏன் கொடுத்தாய்?’ என்னும் ஒரே கேள்வி. தேவகியிடம் ஆழ்வார் அதைக் கேட்கவில்லை. ‘எதை இழந்தாய்?’ என்றே கேட்டார். பத்துப் பாசுரமும் அதற்கான விடையே.

‘அடியேன்’ என்னும் சொல்

ஒன்பதாம் பாசுரத்தில் தாய் மகனிடம் தன்னை ‘அடியேன்’ என்று சொல்லிக்கொண்டு, இனிக் காணும் வழி ஏதேனும் உண்டாகில் அருளவேண்டும் என்கிறாள். இங்கே தாய்ப்பாவனை கலைந்து ஆழ்வாரின் சொந்த நிலை வெளிப்பட்டது என்பது ஒரு கொள்கை. அது பொருந்தும். ஆழ்வார்கள் அவதார காலத்துக்குப் பின்னே பிறந்து இழந்தவர்கள். தேவகியோ அதே காலத்தில் இருந்தும் இழந்தவள். தம் இழவைச் சொல்ல இவளினும் ஏற்ற வாய் ஆழ்வாருக்குக் கிடைத்திராது. ஆயினும் பாவனை கலைந்தது என்று கொள்ளாமலேயும் அச்சொல் பொருந்தும். வளர்க்காத தாய், வளர்ந்து நிற்கும் மகன் முன் உரிமையோடு எதையும் கேட்க முடியாது. ‘எனக்குக் காட்டு’ என்று பிள்ளையை அதட்டுவது யசோதைக்குக் கூடும். தேவகிக்கு வேண்டுதலே கூடும். ஸ்ரீபாகவதம் அச்சத்தால் அணைக்காமல் நின்றதாகச் சொன்ன நிலையை ஆழ்வார் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்.

இவ்வேண்டுகோளுக்கு விடை உண்டா? அடுத்த திருமொழியே விடை என்று கொள்ள இடமுண்டு. ஏழாம் திருமொழி, தாலாட்டும் பேறு தனக்கில்லை என்று தொடங்கியது. எட்டாம் திருமொழியில் கௌஸல்யை, திருக்கண்ணபுரத்து எம்பெருமானையே இராமனாகக் கண்டு தாலாட்டுகிறாள். ஈன்றும் வளர்க்கப் பெறாதவள் ஏழில். ஈன்று தாலாட்டவும் பெற்றவள் எட்டில். வளர்த்தபின் காட்டுக்கு இழந்தவன் ஒன்பதில். இவ்வடைவு தற்செயலானது அன்று. விபவத்தில் கைநழுவியதை அர்ச்சையில் தருவது எம்பெருமான் இயல்பு. உடுப்பித் தலவரலாறும் இதையே வேறு வகையாகச் சொல்கிறது. துவாரகையில் தேவகி பாலலீலையைக் காணவில்லையென்று வருந்த, கண்ணன் அவளுக்காக மீண்டும் குழந்தையாய் மத்தும் கயிறும் கொண்டு விளையாடினான். அவ்வடிவமே ருக்மிணிப் பிராட்டியின் விருப்பால் திருவுருவாகி, பின்னர் மத்வாசார்யரின் கையில் உடுப்பியை அடைந்தது என்பது அவ்வரலாறு.

நஞ்சும் பாலும்

பத்தாம் பாசுரமே திருமொழியின் உச்சி. பூதனையின் நஞ்சுமுலையையும் சுவைத்து அருள்செய்து வளர்ந்தவன், தன் முலையைச் சுவைக்கவில்லை. வீணே முலை சுமந்து உயிரோடிருந்தேன் என்கிறாள். கொல்ல வந்தவளுக்கும் தாய்க்குரிய கதியை அவன் அளித்ததாக ஸ்ரீபாகவதம் கூறும். அவளுக்குக் கிட்டியதும் தனக்கு எட்டவில்லை என்பது கருத்து. அவன் நல்ல தாயைப் பெற்றான் என்னும் முடிவை யசோதையின் மேலும் ஏற்றலாம். தன்னையே எள்ளிச் சொன்னதாகவும் கொள்ளலாம். அதற்குச் சற்றுமுன் அவள் தன்னைப் பற்றியே பேசிவருதலால் பின்னையதே வலியுடைத்து.

தசம ஸ்கந்தம் 85ஆம் அத்யாயம் இதற்கு ஒரு மறுமொழி போல் அமைகிறது. மாண்ட தன் ஆறு பிள்ளைகளையும் காணவேண்டும் என்று தேவகி கேட்கிறாள். கண்ணனும் பலராமனும் ஸுதலத்திலிருந்து அவர்களைக் கொணர, அவள் மடியில் இட்டு முலை கொடுக்கிறாள். கண்ணன் உண்டு எஞ்சிய பால் அது என்கிறார் முனிவர். புராணத்தின்படி அவன் ஒருகால் உண்டிருந்தான். ஆழ்வாரின் தேவகிக்கு அது கணக்கிலேயே இல்லை. ஒருமுறை உண்டதைக் கொண்டு ஆறுதல் அடையும் தாய் எவளும் இல்லையாகையால், இரண்டும் முரண் ஆகா.

பலச்ருதியில் ஆழ்வார் சொல்லும் பலன் மகப்பேறு அன்று. நாரணன் உலகை விரைவில் நண்ணுதல். ‘பெற்றிலேன்’ என்று அழுத சொற்களைக் கற்றவர்கள் பெறுவது ஒழியாத பேறு. அவளுடைய இழவு பிறருக்குப் பேறாகிறது. தேவகியை யசோதையின் பெருமைக்கு நிழலாக மட்டும் காட்டும் பிரசங்கம் இந்த ஏற்றத்தை மறைக்கிறது. பிள்ளையை விட்டு வாழ்ந்த ஒரு தாய் எந்த கோஷ்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலும், இப்பாசுரங்களை அவள் கேட்கும்படி அவற்றின் பொருளை முழுமையாகச் சொல்வதே ஆழ்வார் திருவுள்ளத்துக்கு ஏற்றதாகும்.